பழுது பார்த்தலின் பயன்

புதிய பொருளை வாங்குவதற்குப் பணம் போதும். பழைய பொருளைக் காப்பதற்கோ பணத்தோடு பொறுமையும் வேண்டும், அன்பும் வேண்டும். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து, வேற்று மாநிலத்தில் வாடகை வீடுகளில் வாழும் நம்மனோரிடையே இந்த உண்மைக்கு இடம் குறைந்து வருகிறது. வீடு மாறும்போதெல்லாம் பழைய பொருள்கள் பாரமாகத் தோன்றுகின்றன. பாட்டியாரின் தையல் இயந்திரமும், தந்தையாரின் வானொலிப் பெட்டியும் பழைய இரும்புக் கடைக்கு வழி தேடிக்கொள்கின்றன. இந்நிலையில், பயனற்றதென்று பலரும் கைவிட்ட ஒரு பழைய மோட்டார் சைக்கிளை எடுத்து வந்து, நாமே பழுது பார்த்து ஓடச் செய்ததில் கண்ட நன்மைகளைச் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நாம் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஓர் இரயில்வே குமாஸ்தா. எந்திரத் தொழிலை எந்தப் பள்ளியிலும் கற்றோமில்லை. பதிவேட்டில் எழுதிப் பழகிய கை இது. சுத்தியலும் ஸ்பேனரும் பிடித்துப் பழகியதன்று. புனே நகரின் மேற்கே வாகட் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், துணைவியாரோடும் ஒன்பது வயது மகளோடும் குடியிருக்கிறோம். நம்மைப் போன்றவரால் இயன்றதென்றால், வாசக அன்பர்களுள் எவராலும் இயலும் என்பதைச் சொல்லவே இவ்விவரங்களைக் கூறினோம்.

வண்டி நம் மாமனாருடையது. அவர் ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமங்களில் கால்நடை ஆய்வாளராகப் பணிபுரிந்தவர். 1979-ஆம் ஆண்டில் வாங்கிய என்ஃபீல்டு புல்லட்டில் ஏறி, ஊர் ஊராகச் சென்று மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவார். வண்டியின் ஒலி ஏரிக்கரையில் கேட்டவுடனே, குடியானவர்கள் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்கு வந்துவிடுவார்களாம். அவர் 2011-இல் காலமானார். அதன்பின் பத்தாண்டுக் காலம் அவ்வண்டி மாட்டுக் கொட்டகையின் மூலையில், கோழிகள் அடையும் இடமாகக் கிடந்தது.

2021-ஆம் ஆண்டில் அக்கொட்டகையை இடித்துக் கட்ட வேண்டிய வேளை வந்தது. பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வண்டிக்கு எட்டாயிரம் ரூபாய் விலை பேசினார். மைத்துனருக்கு விற்றுவிடுவதே நியாயமாகப் பட்டது. நம் துணைவியாருக்கு மனம் ஒப்பவில்லை. "அப்பாவின் வண்டியை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். சுற்றத்தார் வியந்தனர். மகனே வேண்டாமென்று சொன்ன வண்டி மகளுக்கு எதற்கு என்று சிலர் வாய்விட்டே கேட்டனர். மாமியார் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: "ஓட வைத்தால் உன்னுடையது, அம்மா. ஓடாவிட்டால் இங்கே கிடந்தாலென்ன, அங்கே கிடந்தாலென்ன?"

அந்த ஒரு வார்த்தையே நமக்கு நிபந்தனையும் ஆயிற்று, ஊக்கமும் ஆயிற்று. பொருளுக்கு உரியவர் யார் என்னும் கேள்விக்கு, வாங்கியவர் என்றும் வாரிசு என்றும் சட்டம் விடை கூறும். அதனைப் பேணி இயங்கச் செய்பவருக்கும் ஓர் உரிமை உண்டென்று அந்த முதிய அம்மையார் கூறினார். அதன் பொருளை உணர நமக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

வண்டியின் பிறப்பு வரலாற்றைச் சிறிது கூறுவது பொருந்தும். ராயல் என்ஃபீல்டு என்பது இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் தோன்றிய நிறுவனம். 1955-இல் அந்நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி 'என்ஃபீல்டு இந்தியா'வை அமைத்தன. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டி வண்டியாக்கினர். பின்னர் உறுப்புகளையும் இங்கேயே செய்யத் தொடங்கினர். 1970-இல் இங்கிலாந்தில் அந்நிறுவனத்தின் உற்பத்தி முற்றிலும் நின்றுபோயிற்று. திருவொற்றியூரிலோ நிற்கவில்லை. 1977-இல் சென்னையில் செய்த புல்லட் வண்டிகள் அந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. பிறந்த வீட்டில் அணைந்த விளக்கு, புகுந்த வீட்டில் எரிந்த கதையன்றோ இது! புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

இவ்வரலாற்றினால் நம் போன்றோர்க்குக் கிடைத்த பயன் ஒன்றுண்டு. அதே பழைய 350 சி.சி. எஞ்சின் அமைப்பு, சிறு சிறு மாறுதல்களோடு அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்நாட்டில் உருவாகி வந்தது. ஆதலால் 1979-ஆம் ஆண்டு வண்டிக்கு வேண்டிய உறுப்புகள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. சென்னைப் புதுப்பேட்டையில் கிடைப்பது போலவே, புனேயின் நானா பேட்டைக் கடைகளிலும் கிடைத்தன. பழைய வண்டியைச் சீர்ப்படுத்த விரும்புவோர் முதலில் எண்ண வேண்டியது இதுவே: அழகைக் கண்டு மயங்காமல், உறுப்பு கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்க.

வண்டியை வேனில் சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இரயில் பார்சலில் புனேக்கு அனுப்பினோம். பெட்ரோல் டாங்கியில் ஒரு துளியும் இருத்தலாகாது என்பது பார்சல் விதி. நம் வண்டியில் பத்தாண்டுகளாகப் பெட்ரோலே இல்லை, துருவே நிறைந்திருந்தது. பதிவுச் சான்றின் நகலைக் கொடுத்து, கோணிப்பையும் வைக்கோலும் சுற்றி, மற்றவர்களைப் போலவே முழுக் கட்டணமும் செலுத்தினோம்.

வாகட் வந்து சேர்ந்ததும் ஒரு பட்டறையில் காட்டினோம். ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் ஆகும் என்றனர். பழைய உறுப்புகளைத் திருப்பித் தர மாட்டோம் என்றும் கூறினர். அவ்வளவு பணம் ஒரு குமாஸ்தாவின் வீட்டில் ஏது? இருந்தாலுமென்ன, மாமனாரின் கை பட்ட உறுப்புகளை எடைக்குப் போட யாருக்கு மனம் வரும்? தன் கையே தனக்கு உதவி என்னும் பழமொழியைத் துணையாகக் கொண்டு, ஞாயிறுதோறும் நாமே வேலை செய்வதென்று முடிவு செய்தோம்.

இத்துணிவுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். கோவை ஜி. டி. நாயுடு அவர்கள் (1893–1974) இளமையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தவர். ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அத்தகைய வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்து மீண்டும் பூட்டினார். பள்ளிப் படிப்பை முடிக்காத அந்த இளைஞர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கி, பின்னர் நாடறிந்த தொழில் மேதையானார். கடல் கடந்த நாட்டிலும் இத்தகையோர் உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த பர்ட் மன்ரோ என்பவர், 1920-ஆம் ஆண்டின் 'இந்தியன் ஸ்கௌட்' வண்டியைப் பல்லாண்டுகள் தம் கொட்டகையிலேயே செப்பனிட்டு, பிஸ்டனையும் தாமே வார்த்தார். 1967-இல், தமது 68-ஆம் வயதில், அமெரிக்காவின் பானவில் உப்புவெளியில் மணிக்கு ஏறத்தாழ 295 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிச் சாதனை நிகழ்த்தினார். நம் நோக்கம் சாதனையன்று. டாங்கே சௌக் வரை போய்க் காய்கறி வாங்கி வந்தால் போதும்.

முதற்கண் கழற்றினோம். கழற்றிய ஒவ்வோர் உறுப்பையும் கைபேசியில் படமெடுத்து, நட்டும் போல்ட்டும் கலந்துவிடாதபடி பிஸ்கட் டப்பாக்களில் இட்டு, மகளின் கையெழுத்தில் சீட்டு ஒட்டினோம். பதிவேடு எழுதும் தொழில் இங்கே கைகொடுத்தது. பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிக் கிடந்தது. ஸ்பார்க் பிளக் துவாரத்தின் வழியே மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி மூன்று வாரம் ஊறவிட்டோம். அவசரப்பட்டுச் சுத்தியலால் அடித்திருந்தால் சிலிண்டரே உடைந்திருக்கும். நான்காம் ஞாயிறன்று அது மெல்ல அசைந்தது. பொறுமை என்பது சும்மா இருத்தலன்று, ஊறவிடுதல் என்று அன்று அறிந்தோம்.

டாங்கியின் துருவைப் போக்கும் வழியைக் காட்டியவர் துணைவியாரே. "பித்தளைக் குடத்திற்குப் புளி போடுவதில்லையா?" என்றார். புளிப்புக்குத் துருவைக் கரைக்கும் தன்மை உண்டு. வெளிப்புறத்துப் பூண்களைப் புளியால் தேய்த்தோம். டாங்கியின் உட்புறத்தில் வினிகரையும் ஒரு பிடி பழைய நட்டுகளையும் இட்டு, இரண்டு நாள் குலுக்கிக் குலுக்கி வைத்தோம். செந்நிறக் குழம்பாகத் துரு வெளியேறிற்று. உடனே அலசி, உலர்த்தி, எண்ணெய் பூசினோம். இல்லையேல் மறுநாளே மீண்டும் துருவேறிவிடும். பெட்ரோல் செல்லும் ரப்பர்க் குழாய்களையும் மாற்றினோம். இக்காலத்துப் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பரை அரிக்கக்கூடியது, ஈரத்தையும் இழுக்கும். பழைய வண்டி வைத்திருப்போர் இதனை மறத்தல் கூடாது.

பக்கவாட்டுக் கருவிப் பெட்டியைத் திறந்தபோது, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. மாமனாரின் பென்சில் எழுத்து. ஒரு பக்கத்தில் இன்ன ஊரில் இத்தனை மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி. எதிர்ப்பக்கத்தில் இன்ன தேதியில் எண்ணெய் மாற்றியது, செயின் இறுக்கியது. பல இடங்களில் 'பாயிண்ட் 15' என்று எழுதியிருந்தார். அதன் பொருள் நமக்கு விளங்கவில்லை. துணைவியார் அந்நோட்டை இரவெல்லாம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். தந்தையார் மகளுக்கு ஒரு கடிதமும் எழுதியவரல்லர். எழுதாத கடிதமெல்லாம் அந்த நோட்டில் இருந்தது போலும்.

விளக்கம் தந்தவர் நானா பேட்டையில் சிறு கடை வைத்திருந்த ஒரு மராட்டிய முதியவர். அவரைக் 'காகா' என்றே அழைத்தோம். 15 என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு என்றார்; அதாவது ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். மின்பொறியை உண்டாக்கும் பாயிண்டுகள் இரண்டும் திறக்கும்போது இருக்க வேண்டிய இடைவெளி அது. அளவுத் தகட்டைச் செருகிப் பார்க்கும் முறையையும் கற்பித்தார். நம் விரல்கள் தடித்தவை. துணைவியாரின் விரல்களுக்கே அவ்வேலை எளிதாயிற்று. "ஹளூ, ஹளூ" என்று காகா கூறுவார். மெல்ல, மெல்ல என்பது பொருள். பன்னிரண்டு ஆண்டுகள் மராட்டிய நாட்டில் வாழ்ந்தும் நாம் கற்காத மராத்தியை இந்த இரண்டு ஆண்டுகளில் கற்றோம். ஸ்பேனருக்குப் 'பானா' என்று பெயர் என்பது முதற்பாடம்.

எல்லாவற்றையும் நாமே செய்தோம் என்று பெருமை பேசுவது உண்மையாகாது. சிலிண்டரைக் குடைந்து, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் பொருத்தியது போசரியில் உள்ள ஒரு லேத் பட்டறை. குரோம் பூச்சு, வெல்டிங், சக்கரக் கம்பிகளை இழுத்துக் கோணல் நீக்குதல் ஆகியவற்றையும் தொழில் அறிந்தவர்களிடமே ஒப்படைத்தோம். எதனை நாமே செய்யலாம், எதனைப் பிறரிடம் தர வேண்டும் என்று பகுத்தறிவதும் பழுது பார்க்கும் கலையில் ஒரு பகுதியே. பிரேக்கு விஷயத்தில் மட்டும், நாமே பூட்டிய பிறகும் ஒரு மெக்கானிக்கின் கண்ணால் சரிபார்த்துக்கொண்டோம். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் தன்மானம் பார்த்தல் தகாது.

வேலை நடந்த இடம் கட்டடத்தின் கீழ்த்தளம். தரையில் எண்ணெய்க் கறை படுமென்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் முதலில் மறுத்தார். அவர் மறுத்ததிலும் நியாயம் இருந்தது. தார்ப்பாய் விரித்து, அதன்மேல் அட்டை பரப்பி, மாலையில் துடைத்துக் கொடுப்பதாகச் சொல்லி அனுமதி பெற்றோம். நாளடைவில் அந்த மூலை ஒரு சிறு பள்ளிக்கூடமாயிற்று. மராட்டியப் பிள்ளைகளும் பஞ்சாபிப் பிள்ளைகளும் வந்து குந்தியிருந்து, வால்வு எது, புஷ்ராடு எது என்று கேட்டனர். பதில் சொன்னவள் நம் மகள். செயலாளரே ஒருநாள் தம் தந்தையாரின் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கணினி வேலைக்கென நாலா திசையிலிருந்தும் மக்கள் வந்து குவியும் வாகட்டில், பக்கத்து வீட்டார் பெயர் அறியாது ஆண்டுகள் கழிவதுண்டு. ஒரு பழுதான வண்டி எங்கள் கட்டடத்தின் நான்கு மொழிக்காரர்களை ஒன்று சேர்த்தது.

2023-ஆம் ஆண்டு தை மாதத்தில் வண்டி உயிர் பெற்றது. அவ்வண்டியை உதைத்துக் கிளப்புவதில் ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தினால் அம்மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். இன்னும் அழுத்தினால் அது நடுவிற்குத் திரும்பும். அவ்விடத்தில் நிறுத்தி, கைப்பிடியிலுள்ள டிகம்ப்ரெஸ்ஸர் நெம்புகோலை இழுத்துப் பிஸ்டனைச் சிறிதே கடத்தி, நெம்புகோலை விட்டுவிட்டு ஓங்கி ஓர் உதை. முறை தெரியாதவருக்குக் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். முறை தெரிந்தவருக்கு வலிமை தேவையில்லை. அன்று உதைத்தவர் துணைவியார். மூன்றாம் உதையில் எஞ்சின் பேசிற்று.

வண்டியை ஓட்டக் கற்றவரும் அவரே. இந்தப் பழைய வண்டியில் வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக்கு. இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறு. கியரில் ஒரு முறை மேலே தட்டி, மற்றவற்றைக் கீழே மிதிக்க வேண்டும். காலின் பழக்கத்தை மாற்ற ஒரு மாதம் ஆயிற்று.

சட்ட விஷயங்களையும் குறிப்பிடுவது நேயர்களுக்குப் பயன்படும். உரியவர் காலமான வண்டியை முதலில் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு மைத்துனரின் சம்மதக் கடிதமும் பெற்றோம். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பரிசோதனையின் பேரில் ஐந்தைந்து ஆண்டுகளாகவே பதிவு புதுப்பிக்கப்படும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைத்திருப்பதாயின், முந்திய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று பெற்று மறுபதிவு செய்தாக வேண்டும். இப்போது நம் வண்டியின் எண் 'எம்.எச். 14' என்று தொடங்குகிறது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென்று 2021-இல் மத்திய அரசு தனி விதி வகுத்தது. அவ்வகையில் பதிவு செய்தால் அன்றாட உபயோகத்திற்கு ஓட்டலாகாது; நம் வண்டிக்கோ அவ்வயது ஆகியிருக்கவில்லை, ஆகவே சாதாரணப் பதிவையே பெற்றோம். ஓடுவதற்கென்று பிறந்த வண்டி ஓடத்தானே வேண்டும்?

செலவு மொத்தம் ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய். காலம் இருபது மாதம். அந்தப் பணத்தில் சற்றே பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி மறுநாளே ஓட்டியிருக்கலாம். சிக்கனத்திற்காக இவ்வேலையில் இறங்குவோர் ஏமாந்து போவர் என்பதை ஒளிக்காமல் கூறுகிறோம். இதன் ஊதியம் வேறு வகையானது. இயந்திரத்தின் ஒலி கேட்டு நோய் அறியும் காது கிடைக்கிறது. எதுவும் கெட்டுப்போனால் எறிந்துவிடலாம் என்னும் எண்ணம் குழந்தையின் மனத்தில் வேரூன்றாமல் இருக்கிறது. கைகள் கறுக்கும் வேலையின்மேல் மதிப்பு வளர்கிறது. நாள் முழுதும் காகிதம் பார்க்கும் நமக்கு, ஒரு வேலை முடிந்தது என்பதைக் கையால் தொட்டுணரும் இன்பம் கிட்டுகிறது.

வண்டியைக் கண்ட செல்வர் ஒருவர் ஒன்றேகால் இலட்சம் தருவதாகக் கூறினார். மகளின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. மூன்றாம் நாள் துணைவியார் தம் தையல் வேலையில் சேர்த்த பணத்தை எடுத்துக் கட்டணத்தைக் கட்டிவிட்டார். வண்டியைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்தது.

சென்ற ஆண்டு மாமியார் வாகட்டிற்கு வந்திருந்தார். மகள் வண்டியைக் கிளப்பி நிறுத்தினார். அம்மையார் சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, "அவர் ஓட்டும்போது இதைவிட நிதானமாய் அடிக்கும், மாப்பிள்ளை" என்றார். துணைவியார் குனிந்து, கார்புரேட்டரின் திருகைக் கால் சுற்றுத் திருப்பினார். ஒலி நிதானப்பட்டது. "ம், இதுதான்" என்று சொல்லி அம்மையார் உள்ளே சென்றார். அந்தக் கால் சுற்றை நம்மால் திருப்ப முடிந்ததே, அதற்காகவே இருபது மாதம் உழைத்தோம் என்று தோன்றிற்று. எட்டாயிரத்திற்கு விற்றிருந்தாலும், பிறர் கையால் புதுப்பித்திருந்தாலும் அந்தத் திருகு எங்கிருக்கிறது என்றே நமக்குத் தெரிந்திராது.

அன்பர்களே! உங்கள் இல்லத்துப் பரணிலும் ஊரில் உள்ள பழைய வீட்டின் மூலையிலும் இத்தகைய பொருள் ஒன்று கிடக்கக்கூடும். அது மோட்டார் சைக்கிளாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. ஓடாத கடிகாரமாகவோ ஊசி உடைந்த தையல் இயந்திரமாகவோ இருக்கலாம். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அதனைத் தூசி தட்டி எடுத்து வாருங்கள். முதல் திருகைக் கழற்றும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். முன்னோர் விட்டுச் சென்ற பொருளை அவர்கள் பெயரால் பெறுகிறோம். நம் கையால் பழுது பார்த்த பின்னரே அது நம்முடையது ஆகிறது.